கோடியில் ஏழு பங்கு

கதையும் கவிதையும் பேசிப் பழகிய நண்பர்களிடம் ஒரு சுவிட்சைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம், பொறுத்தருள வேண்டும். நாங்கள் இருவர். ஒருவர் வங்கி ஊழியர், மற்றவர் பள்ளியாசிரியர். மாலை வேளைகளில் புத்தகங்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் மின்னணுச் சில்லறைச் சாமான்களும் எங்கள் பொழுதுகளைப் பங்கிட்டுக் கொள்கின்றன. இங்கே எழுதப்போவது ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் செய்த ஒரு பிழையைப் பற்றி. அதனால் ஒரு பெரியவரின் பதினோராண்டுக் குறிப்பேடு எட்டு மாத காலம் மூடிக் கிடந்தது.

பெரியவர் கோவையில் ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் கருவிகளைப் பழுதுபார்ப்பவராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய வீட்டு மாடியறையில் மரப்பெட்டி ஒன்று இருக்கிறது. அதன் வேலை, இரவும் பகலும் ஒரே மின்னழுத்தத்தைத் தந்துகொண்டிருப்பது, வேறொன்றுமில்லை. மின்னழுத்தத்தை அளக்கும் எந்தக் கருவியும் தனக்குள்ளிருக்கும் ஒரு மாறாத மின்னழுத்தத்தோடு ஒப்பிட்டுத்தான் விடை சொல்கிறது. படிக்கல் இல்லாமல் தராசு எடை சொல்லாதல்லவா, அதுபோல. அந்தப் படிக்கல்லாக உலகம் நெடுங்காலம் வைத்திருந்தது 1893இல் எட்வர்ட் வெஸ்டன் உருவாக்கிய காட்மியம் மின்கலம், சுமார் 1.018 வோல்ட். பிறகு, 1962இல் ஜோசப்சன் கணித்துச் சொன்ன விளைவைக் கொண்டு, திரவ ஹீலியத்தின் குளிரில் வோல்ட்டைப் படைத்துக்காட்டும் முறை வந்தது. 1990 முதல் உலக ஆய்வகங்கள் பொதுவாக ஏற்றுக்கொண்ட எண்ணை வைத்து அதனையே பின்பற்றின. நம் நாட்டில் இந்தப் படிக்கல்லைக் காப்பது தில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம். அதன் முதல் இயக்குநர் நம் வத்திராயிருப்புக்காரரான கே.எஸ். கிருஷ்ணன் என்பதைப் பெரியவர் எங்களிடம் குறைந்தது இருபது முறையாவது சொல்லியிருப்பார்.

வீட்டில் ஹீலியத்துக்கு எங்கே போவது? வீட்டில் செய்வோர்க்கு வாய்த்தது எல்டிஇசட் 1000 என்னும் சில்லு. சுமார் 7.2 வோல்ட் தரும். அந்தச் சில்லுக்குள்ளேயே ஒரு நுண்ணிய அடுப்பு உண்டு. வெளியே சித்திரையானாலும் மார்கழியானாலும் தன் வெப்பநிலையை அது ஒன்றுபோல் காத்துக்கொள்ளும். பெரியவரின் பெட்டிக்குள் இருப்பது அதுதான். ஒவ்வொரு அமாவாசையன்றும் காலை ஆறு மணிக்கு அதனைத் தம் பழைய பெட்டியொன்றோடு ஒப்பிட்டு, இரண்டுக்குமுள்ள வேறுபாட்டைக் குறிப்பேட்டில் எழுதுவார். அவரிடம் சுவிட்ச் கிடையாது. பருத்திக் கையுறை அணிந்து செம்புக் கம்பிகளைக் கையால் மாற்றிப் பொருத்திவிட்டு, பத்து நிமிடம் காத்திருப்பார். அந்தப் பத்து நிமிடத்தில் வெற்றிலை போட்டுக்கொள்வார். பிறகுதான் எண்ணைப் பார்ப்பார்.

நாங்களும் அதே சில்லைக் கொண்டு இரண்டு பெட்டிகள் செய்தோம். மூன்றாவதாக ஒன்று இருந்தால்தான் எது நகர்கிறது என்று தெரியும். இரண்டு கடிகாரம் வைத்திருப்பவனுக்கு எது பிழை என்று ஒருநாளும் தெரியாது. ஆகவே பெரியவரின் பெட்டியை ஒரு வாரத்துக்கு இரவல் கேட்டோம். அவரும் பேட்டரியோடு சேர்த்துத் துண்டில் சுற்றி, பிள்ளையைக் கொடுப்பதுபோலக் கொடுத்தனுப்பினார்.

எங்களுக்குப் பத்து நிமிடம் காத்திருக்கும் பொறுமை இல்லை. பிழை தொடங்கிய இடம் அதுதான். சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய பழைய பேண்ட் சுவிட்ச் ஒன்று கைவசம் இருந்தது. வானொலிப் பெட்டிகளில் அலைவரிசை மாற்றுவதற்கு வைத்திருப்பார்களே, அந்த வகை. மேல்தட்டு, கீழ்த்தட்டு என இரண்டு தட்டுகள்; ஒவ்வொன்றிலும் வெள்ளிமுலாம் பூசிய பித்தளை முனைகள். மேல்தட்டு முதற் பெட்டியைத் தேர்ந்தெடுக்கும், கீழ்த்தட்டு அதனோடு ஒப்பிட வேண்டிய பெட்டியைத் தேர்ந்தெடுக்கும். இடையில் நானோவோல்ட்மீட்டர். எங்கள் பெட்டிகளுக்கு ‘அ’, ‘ஆ’ என்றும் பெரியவருடையதற்கு ‘இ’ என்றும் பெயரிட்டோம். அ–ஆ அளந்தோம், ஆ–இ அளந்தோம். இ–அ அளக்கவில்லை. முதலிரண்டைக் கூட்டினால் மூன்றாவது தானே வந்துவிடுமே, வீணாக எதற்கு என்று விட்டுவிட்டோம்.

அ–ஆ காலையும் மாலையும் அசையவில்லை. ஆ–இ காலையில் ஓர் எண், பிற்பகலில் ஐந்து மைக்ரோவோல்ட் தள்ளி வேறோர் எண். ஆறு நாளும் இப்படியே. 7.2 வோல்ட்டில் ஐந்து மைக்ரோவோல்ட் என்பது கோடியில் ஏழு பங்கு. உலகியலில் அது ஒன்றுமேயில்லை. இந்த வேலையிலோ அது பெரும்பிழை. ஓர் ஒப்பீடு சொன்னால் விளங்கும். 2019 மே 20 அன்று அலகுகள் மறுவரையறை செய்யப்பட்டபோது வோல்ட்டின் மதிப்பே சற்று நகர்ந்தது. அந்த நகர்வு கோடியில் ஏறத்தாழ ஒரு பங்கு.

பெட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, வரைதாளையும் எடுத்துக்கொண்டு போனோம். வாசற்படியிலேயே சொல்லிவிட்டோம்: “உங்க பெட்டி மத்தியானத்துல நகருதுங்க சார். எங்களோடது ரெண்டும் நிக்குது.”

பெரியவர் தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “அப்படிங்களா தம்பி,” என்றார். வேறெதுவும் கேட்கவில்லை. பெட்டியை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு, எங்களுக்குக் காப்பி கொடுத்தார். நாங்கள் உற்சாகமாக என்னென்னவோ பேசிவிட்டு வந்தோம். அதற்கடுத்த அமாவாசையிலிருந்து அவர் குறிப்பேட்டில் எழுதுவதை நிறுத்திவிட்டார் என்பது எங்களுக்குத் தெரியவே வெகுநாள் ஆயிற்று. காலை ஆறு மணிக்கு அளப்பவர் அவர். பிற்பகலில் நகரும் பெட்டி என்றால் காலையில் எழுதிய எண்களுக்குத்தான் என்ன மதிப்பு என்று எண்ணியிருப்பார் போலும். அவர் வீட்டம்மா ஒருநாள் கடைவீதியில் எங்களைக் கண்டபோது, “இப்பல்லாம் அமாவாசைக்கு நேரத்துல எந்திரிக்கறதே இல்லீங்க,” என்று வேறேதோ பேச்சுக்கு நடுவே சொன்னார்.

அந்தச் சொல் உறுத்திக்கொண்டே இருந்தது. அந்த வாரமே, முன்பு செய்யாமல் விட்ட வேலையைச் செய்தோம். பெரியவரின் பெட்டிக்குப் பதிலாக மூன்றாவது இடத்தில் வேறொரு பெட்டியை வைத்து, மூன்று ஒப்பீடுகளையும் எடுத்தோம். அ–ஆ, ஆ–இ, இ–அ மூன்றையும் கூட்டினால் சுழியம் வரவேண்டும். ஊரைச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்தவன் ஏறிய உயரமும் இறங்கிய உயரமும் சமமாக இருந்தே தீரவேண்டும் அல்லவா. காலையில் சமமாக இருந்தது. பிற்பகலில் ஐந்து மைக்ரோவோல்ட் மிச்சம். மறுநாள் பெட்டிகளையே கழற்றிவிட்டு, சுவிட்சின் உள்முனைகள் அனைத்தையும் ஒரே செம்புக் கம்பியால் பிணைத்தோம். இப்போது அளக்க எதுவுமே இல்லை. எந்த இடத்துக்குத் திருப்பினாலும் மீட்டர் சுழியம் காட்ட வேண்டும். பிற்பகல் மூன்று மணிக்குக் கீழ்த்தட்டின் மூன்றாம் முனை மட்டும் ஐந்து மைக்ரோவோல்ட் காட்டியது. பெரியவரின் பெட்டி அவர் வீட்டு மாடியில் இருக்க, அதன் ‘நகர்வு’ எங்கள் மேசைமேல் இருந்தது.

காரணத்தைக் கண்டுபிடிக்கக் குனிந்து பார்ப்பதே போதுமானதாக இருந்தது. இடம் போதாமையால் சுவிட்ச் பெட்டியை மீட்டரின் தலைமேல் வைத்திருந்தோம். மீட்டரின் காற்றுத் துவாரத்துக்கு நேர்மேலே கீழ்த்தட்டின் மூன்றாம் முனை. (இத்தகைய மீட்டரை நாள் முழுதும் இயக்கத்திலேயே வைத்திருக்க வேண்டும் என்பது விதி. மின்கட்டணத்துக்கு அஞ்சி நாங்கள் காலையில்தான் இயக்குவோம். அது பிற்பகலில்தான் நன்றாகச் சூடேறும்.)

வெப்பம் எப்படி மின்னழுத்தமாகிறது? 1821இல் பெர்லினில் தாமஸ் சீபெக் என்பவர் செம்பையும் பிஸ்மத்தையும் வளையமாக இணைத்து, ஓர் இணைப்பை மட்டும் சூடாக்கியபோது அருகிலிருந்த காந்த ஊசி திரும்பியது. அவர் அதைக் காந்தம் என்றே நம்பினார். அது மின்னோட்டம் என்று விளக்கி அதற்குப் பெயரும் சூட்டியவர் எர்ஸ்டெட். எங்கள் சுவிட்சில் நடந்ததும் அதுவே. வரும் செம்புக் கம்பி பித்தளை முனையைத் தொடுமிடம் ஒன்று. பித்தளையைக் கடந்து மீண்டும் செம்புக் கம்பிக்குத் திரும்புமிடம் மற்றொன்று. இரண்டும் ஒரே வெப்பநிலையில் இருந்தால் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். ஒரு டிகிரி வேறுபட்டால் சுமார் மூன்று மைக்ரோவோல்ட் பிறக்கும். ஒன்றரை டிகிரிக்குச் சற்றே மேல், ஐந்து மைக்ரோவோல்ட், ஒரு பெரியவரின் மனம்.

நாங்கள் இணைப்பைத் தலைகீழாக்கி இருமுறை அளந்து பாதியெடுக்கும் வழக்கத்தை மறந்தவர்கள் அல்லர். ஆனால் மாற்றியது மீட்டர் பக்கத்துக் கம்பிகளை. மீட்டரின் சொந்தப் பிழை அதனால் நீங்கும். சுவிட்சின் பிழையோ பெட்டியின் மின்னழுத்தத்தோடு கைகோத்துக்கொண்டு அதுவும் சேர்ந்தே தலைகீழாகும். எவ்வளவு முறை மாற்றினாலும் அது பெட்டியின் பிழையாகவே தோன்றும்.

ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். வெறுங்கையோடு போக மனம் வரவில்லை. இந்த முறை பிழை எங்களுடையது என்று சொல்வதற்கும் நம்பத்தக்க ஒரு சுவிட்ச் வேண்டும். இல்லையேல் முன்பு சொன்னதுபோலவே இதுவும் ஒரு சொல்லாகத்தான் போகும்.

செம்பைச் செம்பு தொட்டால் டிகிரிக்கு 0.3 மைக்ரோவோல்ட்டுக்கும் குறைவு. ஆகவே மின்னோட்டம் செல்லும் வழியெங்கும் செம்பு தவிர வேறெதுவும் கூடாது என்பது முதல் முடிவு. ரிலே வைக்கலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். சாதாரண ரிலேயின் சுருள் தானே ஓர் அடுப்பு. கண்ணாடிக் குழாய்க்குள் இருக்கும் ரீட் ரிலேயின் நாக்குகளோ நிக்கல் கலந்த இரும்பு, செம்போடு சேர்ந்தால் டிகிரிக்குப் பல பத்து மைக்ரோவோல்ட் தரக்கூடியவை. பழைய ஆய்வகங்களில் பாதரசக் கிண்ணங்களில் செம்பு முனைகளைத் தோய்த்துச் சுவிட்சாகப் பயன்படுத்துவார்கள். அது மிக அருமையான சுவிட்ச்தான். ஆனால் கொடைக்கானலில் 2001இல் மூடப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலையின் பாதரசம் அந்த மலைக்குச் செய்ததை அறிந்தவர்கள் வீட்டுக்குள் அதைக் கொண்டுவர மாட்டார்கள்.

பம்புசெட்டுகளுக்குப் பேர்போன ஊரில் செம்புக்குப் பஞ்சமில்லை. மின்பலகை செய்யும் பட்டறையொன்றில் பஸ்பார் வெட்டிய மிச்சத் துண்டுகளை எடைக்கு வாங்கினோம். மேல் வரிசைக்கு மூன்று, கீழ் வரிசைக்கு மூன்று என ஆறு கட்டைகள். கம்பிகளைப் பற்றவைக்கவில்லை, ஈயப்பற்று கூடாதென்று கட்டையில் துளையிட்டுத் திருகால் இறுக்கினோம். திருகு பித்தளையாக இருந்தாலும் கவலையில்லை. அது அழுத்துவதோடு சரி, செம்பு செம்பைத் தொடுகிறது. கட்டைகளின் மேல் வழுக்கிச் செல்லச் செம்புத் தகட்டில் இரண்டு நாவுகள். செம்பு மென்மையானது, வில்போல வளைந்து நிற்கும் உரம் அதற்கில்லை. எனவே நாவைக் கீழே அழுத்துவதற்கு எஃகுச் சுருள்வில் ஒன்றை, இடையில் அக்ரிலிக் துண்டு வைத்து, மின்வழிக்கு வெளியே அமைத்தோம். ஆறு கட்டைகளும் மைக்கா விரித்த ஒரே கனத்த அலுமினியப் பலகையின் மேல் அமர்ந்தன. சூடேறினால் எல்லாம் ஒன்றாகச் சூடேறட்டும் என்பதற்காக.

கட்டைகளை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கி வெற்றியோடு நின்றோம். ஒரே வாரத்தில் விரல் பட்ட இடமெல்லாம் கறுத்துவிட்டது. செம்பின் மேற்படியும் ஆக்சைடுக்கும் செம்புக்கும் இடையே டிகிரிக்கு ஆயிரம் மைக்ரோவோல்ட் வரை பிறக்கும் என்பதைப் படித்திருந்தோம்; படித்ததோடு சரி. எங்களில் ஒருவரின் தாயார் அந்தக் கட்டைகளைக் கையிலெடுத்துப் பார்த்துவிட்டு, “பூசைச் சொம்பைத் தேய்க்கிற மாதிரி புளி போட்டுத் தேயுங்கடா, இதுக்குப் போயி இத்தனை யோசனையா,” என்றார். புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் ஆக்சைடைக் கரைத்துவிடுகிறது. உப்புத்தாளைப்போல மணலைப் பதித்துவிட்டுப் போவதுமில்லை. புளியால் தேய்த்து, காய்ச்சி வடித்த நீரில் பலமுறை அலசி, உலர்த்தி, கையுறையோடு பொருத்தினோம். செம்பும் செம்பும் உரசினால் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு சிராய்க்கும் குணமுடையவை. அதற்காகவும், காற்றுப் படாதிருக்கவும், துளிக்கும் துளியாக வாசலின் தடவினோம்.

ஆயினும் எண்கள் அலைந்தன. சுவிட்சைத் திருப்பும்போதெல்லாம் அரை மைக்ரோவோல்ட்டுக்குக் குறையாத ஒரு துள்ளல். அடங்க ஐந்தாறு நிமிடம். பல இரவுகள் இதிலேயே கழிந்தன. கட்டைகளைக் கழற்றி மீண்டும் புளியிட்டோம், கம்பிகளை மாற்றினோம், ஒருவரையொருவர் குறைகூறிக் கொண்டோம். கடைசியில் அகப்பட்டது கைப்பிடி. நாவுகளை நகர்த்துவதற்கு லேத்தில் கடைந்த அழகான பித்தளைத் தண்டு வைத்திருந்தோம். பிடித்தவரின் உள்ளங்கைச் சூட்டை அது நேரே உள்ளே கொண்டுசேர்த்தது. அதை எறிந்துவிட்டு, தென்னந்தோப்பு வேலியிலிருந்து ஒரு முழ நீள மூங்கிலை வெட்டிவந்து பொருத்தினோம். முழு அமைப்பையும் ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் வைத்து, சுற்றிலும் தெர்மாகோல் அடைத்து, மரப்பெட்டியில் இறக்கினோம். மீட்டரிலிருந்து இரண்டடி தள்ளி.

பிறகும் ஒரு சிறு துள்ளல் எஞ்சியது. அது உரசலின் வெப்பம். தகடு கட்டையின் மேல் வழுக்கும்போது பிறக்கும் அந்தச் சூட்டைத் தவிர்க்க எங்களுக்கு வழி கிடைக்கவில்லை. மெதுவாகத் திருப்பி இரண்டு நிமிடம் காத்திருந்தால் தணிந்துவிடுகிறது. காத்திருப்பதைத் தவிர்க்கச் சுவிட்ச் செய்யப்போய், காத்திருப்பதைத்தான் கற்றுக்கொண்டோம். பத்து நிமிடம் இரண்டாயிற்று, அவ்வளவே. எல்லா முனைகளையும் பிணைத்துவிட்டு அளந்தபோது, காலை, நண்பகல், மாலை மூன்று வேளையிலும் எந்த இடத்திலும் முப்பது நானோவோல்ட்டைத் தாண்டவில்லை. பழைய சுவிட்சின் பிழையில் நூற்றைம்பதில் ஒரு பங்கு.

சுவிட்சையும் எங்கள் இரண்டு பெட்டிகளையும் தூக்கிக்கொண்டு பெரியவர் வீட்டுக்குப் போனோம். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தும், வாசற்படியில் சொல் வரவில்லை. “தப்பு எங்க சுவிட்சுலங்க சார். உங்க பெட்டியில இல்லீங்க,” என்பதை எப்படியோ சொல்லி முடித்தோம். அவர் வியக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. எங்களை மாடிக்கு அழைத்துச் சென்று, மூடியைத் திறக்கச் சொல்லி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“கைப்பிடிக்கு மூங்கிலா?”

“ஆமாங்க சார். முதல்ல பித்தளை வெச்சுக் கெட்டோம்.”

“புளி வாசம் அடிக்குதே,” என்றார். அன்றைக்குத்தான் சிரித்தார்.

மூன்று பெட்டிகளையும் இணைத்து எட்டு வாரம் அங்கேயே விட்டுவைத்தோம். அ–இ வேறுபாடு அசையவேயில்லை என்று சொல்லுமளவுக்கு நின்றது. ஆ சம்பந்தப்பட்ட இரண்டு வேறுபாடுகளும் எதிரெதிர்த் திசையில் மெல்ல மெல்ல ஊர்ந்தன. நகர்வது எங்கள் பெட்டி. ‘எங்களோடது ரெண்டும் நிக்குது’ என்று வாசற்படியில் நின்று சொன்னோமே, அந்த இரண்டில் ஒன்று. பெரியவர் அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. நாங்கள்தான் அந்த வரைதாளை வைத்துக்கொண்டு தலைகுனிந்து உட்கார்ந்திருந்தோம்.

குறிப்பேட்டை அவர் அன்று எங்கள் முன்னாலேயே திறந்தார். பதினோராண்டு எண்கள், ஒரே மையில், சாய்வில்லாத கையெழுத்தில். பிறகு வெற்றிடம். அந்த எட்டு அமாவாசைகளுக்கு உரிய எண்கள் இனி யாரிடமும் இல்லை. முன்னும் பின்னும் பார்த்துக் கணக்கிட்டு நிரப்பிவிடலாம் என்று எங்களில் ஒருவர் மெல்லச் சொன்னபோது, அவர் தலையை அசைத்து மறுத்தார். எட்டு வரிகளுக்கு நாள் மட்டும் எழுதி, எதிரே கோடிட்டார். காரணம் என்ற பத்தியில் எதுவும் எழுதவில்லை. எங்கள் பெயரை எழுதியிருந்தால் மனம் சற்று ஆறியிருக்கும்.

சுவிட்சை அவரிடமே விட்டுவிட்டு வந்தோம். அடுத்த அமாவாசையன்று காலை ஏழு மணிக்குத் தொலைபேசி ஒலித்தது. வணக்கம் கூடச் சொல்லாமல் மூன்று எண்களைப் படித்தார். நாங்கள் எழுதிக்கொண்டு கூட்டிப் பார்ப்பதற்குள் அவரே சொன்னார்: “இருபத்தஞ்சு நானோ மிச்சம் வருது தம்பி. ஞாயித்துக்கிழமை வரும்போது கொஞ்சம் புளி எடுத்துட்டு வாங்க.”